வேர் ஹார்மோன்: குச்சி நடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடியில் இரண்டு மழை பெய்துவிட்டால் போதும், வேலூரை அடுத்த காட்பாடியிலிருந்தும் அணைக்கட்டு ஊர்ப் பக்கமிருந்தும் ஆட்கள் கையில் ஒரு வேர் ஹார்மோன் பொடிக் குப்பியோடு நர்சரிக்கு வந்து நிற்பார்கள். மல்லிக் குச்சி கருகிவிட்டது, முல்லைக் குச்சி அழுகிவிட்டது, பொடி போலியா என்று கேட்பார்கள். பொடி பெரும்பாலும் நல்ல பொடிதான். நான் தொழில் பழகியபோது செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் இவர்களும் செய்துகொண்டிருக்கிறார்கள். குச்சியைத் தலைகீழாக நடாதே, பையில் தண்ணீர் தேங்க விடாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் போடுவது

முருங்கைப் போத்துக்கும் அரளிக்கும் ஹார்மோன் தேவையே இல்லை. நட்டால் வரும். தென்னையையும் வாழையையும் குச்சி வெட்டி வளர்க்க முடியாது, எந்த மருந்தில் முக்கினாலும் முடியாது. மாமரத்துக்கு ஒட்டுக்கட்டுவதுதான் வழி. மல்லி, முல்லை, காகிதப்பூ, ரோஜா, மாதுளை ஆகியவற்றுக்கும் கொய்யாப் பதியத்துக்கும் போட்டால் பலன் தெரியும். வேர் சீக்கிரம் வரும், நிறைய வரும். அவ்வளவுதான் இதன் வேலை. காய்ந்துபோன குச்சிக்கு இது உயிர் கொடுக்காது.

பொடியைத் தண்ணீரில் கொட்டிக் கலக்குவது

இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

கடையில் வேர் ஹார்மோன் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, டால்க் மாவில் ஏற்கெனவே அளவாகக் கலந்த பொடி. குச்சியின் அடியை ஈரமாக்கித் தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிட்டு நட வேண்டியதுதான். இன்னொன்று சுத்தமான ஐ.பி.ஏ., அதாவது இண்டோல் பியூட்ரிக் அமிலம். சின்னக் குப்பியில் கிராம் கணக்கில் விற்பார்கள். இது தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் கால் கிராம் கரைந்தாலே பெரிது. ஆனால் நமக்குத் தேவையான வீரியம் லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று கிராம் வரை போகும்.

அணைக்கட்டுப் பக்கம் முல்லைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், கடைக்காரர் சொன்னபடி ஒரு பிளாஸ்டிக் ஜக்குத் தண்ணீரில் பொடியைக் கொட்டி வேப்பங்குச்சியால் கலக்கியிருக்கிறார். பொடி மேலே மிதந்தது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் போட்டார். குச்சிக்கட்டுகளை அப்படியே அதில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் பார்த்தால் ஜக்கின் ஓரமெல்லாம் வெள்ளைத் திப்பி. கட்டின் நடுவிலிருந்த குச்சிகளுக்கு வெறும் தண்ணீர்தான் கிடைத்தது. ஓரத்துக் குச்சிகளின் அடியிலோ பொடி கட்டிகட்டியாக ஒட்டியிருந்தது. நடுக்குச்சிகள் வேரே விடாமல் வாடின. ஓரத்துக் குச்சிகள் அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கரியாகக் கறுத்து, நகத்தால் கீறினால் தோல் வழன்று வந்தது. தாய்ச்செடியைக் கவாத்து செய்தது, பை நிரப்பிய கூலி, தென்னை நார்க் கழிவு, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பருவம், அத்தனையும் போயிற்று. “அண்ணா, அந்தக் கடைப் பொடியே சரியில்லை” என்றார் என்னிடம். “பொடியைச் சொல்லாதீர்கள், ஜக்கைக் கொண்டுவாருங்கள்” என்றேன்.

முறை இதுதான். ஐ.பி.ஏ.வை முதலில் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும். கைக்குத் தடவும் சானிடைசர் ஜெல் வேண்டாம், அதில் வேறு பசையெல்லாம் இருக்கிறது. ஒரு கிராம் பொடியை 250 மில்லி ஆல்கஹாலில் போட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் குலுக்கினால் கண்ணெதிரே மறைந்துவிடும். பிறகு 250 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். இப்போது அரை லிட்டர் கரைசல், வீரியம் 2000 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு இரண்டு கிராம். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் சரி. பால் கலந்ததுபோல மங்கினால் ஹார்மோன் கரைசலிலிருந்து பிரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தண்ணீரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்ட வேண்டியிருக்கும். தண்ணீரிலேயே கரைய வேண்டுமென்றால் அதற்குப் பொட்டாசியம் உப்பாக மாற்றிய ஐ.பி.ஏ. தனியாக விற்கிறது. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

இந்தக் கரைசலில் குச்சியின் அடியை ஐந்து விநாடி முக்கினால் போதும். இரவு முழுக்க ஊறவைக்கும் முறையும் உண்டு. ஆனால் அதற்கு வீரியம் 20 முதல் 200 பி.பி.எம். வரைதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு 2000 பி.பி.எம்.மில் ராத்திரி முழுக்க ஊறவைப்பவர்களை என்ன சொல்வது? முக்கியெடுத்த பிறகு ஆல்கஹால் வாடை போகும்வரை நிழலில் ஆறவிட்டு நட வேண்டும். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது, குபீரென்று பிடிக்கும்.

“கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும்”

நெல்லிலும் கரும்பிலும் களைக்கொல்லியாக அடிக்கிறோமே 2,4-டி, அதுவும் இதே ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வகையைச் சேர்ந்ததுதான். அளவு மீறினால் வேர் ஹார்மோனும் அந்த வேலையைத்தான் செய்யும். மொட்டு துளிர்க்காது, அடி வீங்கி வெடித்துக் கறுக்கும். இளந்தண்டுக்கு 500 முதல் 1000 பி.பி.எம்., பாதி முற்றியதற்கு 1000 முதல் 3000, நன்றாக முற்றிய கட்டைக்குத்தான் அதற்கு மேல். புதிய செடி என்றால் பத்துக் குச்சியில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை வெட்டுங்கள்.

பூ உதிராமல் இருக்கத் தெளிக்கும் என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்) திரவத்தையும் வேர் மருந்து என்று வாங்கிவருகிறார்கள். அதுவும் ஆக்சின்தான். ஆனால் 4.5 சதவீதம் என்றால் 45,000 பி.பி.எம். அதில் குச்சியை நேரடியாக முக்கினால் கதை முடிந்தது.

நாற்றின் வேரை முக்குவது

இலவம்பாடி முள்ளுக்கத்தரி நாற்றை ஹார்மோனில் முக்கி நட்டால் வேர் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வேர் இல்லாத இடத்தில் வேர் வரவைப்பதுதான் இந்த மருந்தின் வேலை. ஏற்கெனவே இருக்கும் வேருக்கு அதிக ஆக்சின் பட்டால் நீள்வது நின்றுவிடும். குட்டையாக, தடித்து, முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். நாற்றுக்கு அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரக் கரைசல் போதும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் பயன்படுத்தும் முறையைச் சொல்வார்கள்.

டப்பாவுக்குள்ளேயே குச்சியை விடுவது

ஒரு குச்சியின் பூஞ்சணம் டப்பா முழுக்கப் பரவும். கொஞ்சம் மூடியில் தட்டி எடுத்துக்கொள்ளுங்கள், மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

தேன், இளநீர், வில்லோ தண்ணீர்

வேர் ஹார்மோனுக்குப் பதிலாக இவற்றில் முக்கச் சொல்கிறார்கள். தேன் ஹார்மோன் இல்லை. இளநீரில் உள்ள சைட்டோகைனின் என்ற ஹார்மோன் துளிருக்குத்தான் உதவும், வேருக்கு அல்ல. வில்லோ மரத்துக்கு வேலூரில் எங்கே போவது?

பூத்த கிளையை வெட்டுவது

மொட்டும் பூவும் உள்ள கிளை, சத்தையெல்லாம் அங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கும். பூக்காத கிளையாகப் பார்த்து வெட்டுங்கள். மல்லிக்கும் முல்லைக்கும் மேலே இரண்டு இலைகளை விட்டுவையுங்கள். மொட்டையடித்த குச்சிக்கு மாவுச்சத்தை யார் செய்து தருவார்கள்?

துளிரைக் கண்டு ஏமாறுவது

ரோஜாக் குச்சியில் இது சகஜம். தண்டில் சேமித்த சத்தைக் கொண்டே இரண்டு துளிர் விடும். வேர் பிடித்துவிட்டது என்று வெயிலுக்கு மாற்றுவார்கள், மறுநாளே தலை தொங்கும். அடியில் தெரியும் வெள்ளை உருண்டையும் வேர் இல்லை, காயம் ஆறுகிற தழும்பு. பையின் ஓட்டை வழியே வேர் எட்டிப் பார்க்கும்வரை நிழல்வலையை விட்டு நகர்த்தாதீர்கள்.

உப்புத் தண்ணீர்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் பல கிணறுகளில் உப்பு ஏறிக் கிடக்கிறது. பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற தண்ணீரைக் குச்சிக்கு ஊற்றினால், பை காயக் காய உப்பு மண்ணிலேயே தங்கி இளவேரைச் சுட்டுவிடும். கரைசலுக்கு மழைத்தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். ஊற்றுவதற்கு, கிடைப்பதில் உப்பு குறைந்தது எதுவோ அது.

சித்திரையில் ஆரம்பிப்பது

தண்ணீரைப் பனிபோலத் தூவும் பனிக்கூடம் வைத்திருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் வேலூர் வெயிலில் வேண்டாம்.