எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டுக்கும் முதல் இரவுநோக்கி

இருட்டில் பார்க்க உதவும் இரவுநோக்கி (நைட் விஷன்) கருவி வாங்கப் போய், கடைக்காரரிடம் "எத்தனை மீட்டர் தெரியும்?" என்று கேட்டால் 300, 500 என்று ஏதோ ஓர் எண் வரும். அந்தத் தூரத்தில் ஏதோ ஒரு புள்ளி அசைவது தெரியலாம். அது நாயா நரியா என்று தெரியாது. அதனால் முதலில் எதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சந்தையில் மூன்று வகை உண்டு. கேமரா சென்சாரும் சிறு திரையும் கொண்டது டிஜிட்டல். இருக்கிற சொற்ப ஒளியைக் குழாய்க்குள் பெருக்கிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ காட்டுவது இரண்டாவது வகை. உடல் வெப்பத்தைப் படமாக்குவது தெர்மல். குழாய் வகையில் மலிவான முதல் தலைமுறைக் கருவிகளின் படம் ஓரங்களில் வளையும், பகல் வெளிச்சம் பட்டால் குழாயே கெடும். அமெரிக்க மூன்றாம் தலைமுறைக் குழாய்கள் அந்நாட்டு ஆயுத ஏற்றுமதிச் சட்டத்துக்குள் வருபவை. முதல் கருவியாக இந்த வகை வேண்டாம்.

தெர்மலின் விலை டிஜிட்டலைப் போலப் பல மடங்கு. கொசஸ்தலை ஆற்றோரப் புதரில் மறைந்திருக்கும் கீரியையும், ஏரியில் ஒடுங்கி நிற்கும் பறவைக் கூட்டத்தையும் அது சட்டென்று காட்டிவிடும். ஆனால் ஆமை, பாம்பு, தவளை எல்லாம் சுற்றுப்புறச் சூட்டிலேயே இருப்பவை. பெரும்பாலும் மணலோடு கலந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை கரையேறும் பங்குனி ஆமைக்காகத் தெர்மல் வாங்குவது வீண் செலவு. நம் கோடை இரவில் தரையும் ஆறாமல் கிடப்பதால் வெப்ப வேறுபாடு இன்னும் குறையும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வெப்ப உணர்திறன் (கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய வெப்ப வேறுபாடு) 40 மில்லிகெல்வினுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இந்த எண் குறையக் குறைய நல்லது. கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெர்மலில் வெளியே பார்க்க முடியாது.

தெர்மலில் எவ்வளவு தூரம் தெரியும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். சென்சாரின் ஒரு புள்ளி (பிக்சல்) 12 மைக்ரான், லென்ஸின் குவியத் தூரம் 10 மி.மீ. என்றால் 100 மீட்டரில் ஒரு பிக்சல் 12 செ.மீ. அகலத்தை மூடும். 70 செ.மீ. நீள நாய்க்குக் கிடைப்பது ஏறத்தாழ 6 பிக்சல். அதே நாய் 300 மீட்டரில் 2 பிக்சல்தான். இன்ன விலங்கு என்று சொல்ல ஒரு 8 பிக்சலாவது வேண்டும்.

எங்கள் பரிந்துரை டிஜிட்டல்தான். அதிலும் உருப்பெருக்கத்தைக் கவனியுங்கள். 5 மடங்கு, 6 மடங்கு என்றிருப்பதைக் கண்ணில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது, கால் தடுக்கும். கரையோரமாக நடக்க 1 மடங்கு, ஓரிடத்தில் நின்று பார்க்க 3 அல்லது 4 போதும். டிஜிட்டல் ஜூம் என்பது அதே படத்தை இழுத்துப் பெரிதாக்குவது, அவ்வளவுதான்.

அடுத்தது, இருட்டில் டிஜிட்டல் கருவியே அடிக்கும் அகச்சிவப்பு விளக்கு. 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு தூரம் அடிக்கும், ஆனால் எதிரே நிற்பவர் கண்ணுக்கு மங்கிய சிவப்புப் புள்ளியாகத் தெரியும். 940 தெரியாது, சென்சாருக்கும் அது குறைவாகவே எட்டுவதால் தூரம் சுருங்கும். வடசென்னையில் பல இடங்களில் விளக்கே தேவைப்படாது. துறைமுக விளக்குகளும் மணலி ஆலைகளின் தீக்கொழுந்தும் தாழ்ந்த மேகத்தில் பட்டுத் திரும்புவதே நல்ல சென்சாருக்குப் போதும். மார்கழிப் பனியில் விளக்கைப் போட்டால் வெண்திரைதான் மிஞ்சும். முன்னால் கோரைப்புல் இருந்தாலும் இதே கதை: புல் பளிச்சென்று மின்ன, கருவி வெளிச்சத்தைக் குறைக்க, பின்னணி இருண்டுவிடும். கருவியைப் புல்லுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள்.

பர்மா பஜாரிலோ வேறெங்கோ வாங்கும்போது கடையிலேயே செய்ய வேண்டியவை: லென்ஸை மூடிவைத்துத் திரையில் அணையாத புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விளக்கைச் சுவரில் அடித்து, நடுவில் மட்டும் வட்டமாகப் பளிச்சிட்டு ஓரம் இருண்டிருந்தால் தள்ளிவிடுங்கள். விளக்கு எரிகிறதா என்பதைக் கைபேசியின் முன்கேமராவில் பார்க்கலாம். திரை வெளிச்சத்தை மிகக் கீழே இறக்க முடிகிறதா என்பது முக்கியம். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும், பளீர்த் திரை அதை நொடியில் கெடுத்துவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் முதலில் கண் பக்க வளையத்தைத் திருப்பித் திரை எழுத்தைத் தெளிவாக்கிக்கொண்டு, பிறகே முன் லென்ஸைத் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் படம் தெளியவே தெளியாது. கருவி கோளாறு என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

இந்தக் கருவிகள் பலவற்றில் போடும் 18650 என்ற உருளை பேட்டரியின் உண்மைக் கொள்ளளவு 3500 மில்லியாம்பியர் மணியை ஒட்டியே முடியும். 9900 என்று அச்சிட்டிருந்தால் போலி.

உப்புக்காற்றுக்கு ஐபி67 தரம் (தூசியும் நீரும் புகாத காப்பு) வேண்டும். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது, ஆகவே வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். சார்ஜ் துளையின் ரப்பர் மூடியையும் விடாதீர்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். பைக்குள்ளேயே அரைமணி நேரம் வைத்திருந்து எடுங்கள்.

ஆமை முட்டையிடும் இடத்துக்கு வனத்துறை அனுமதியோடு போவதே முறை. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகச் சுவர்கள் பக்கமோ அனல்மின் நிலையம் பக்கமோ கருவியைத் திருப்பாதீர்கள். காவலர் கேட்டால் காட்ட, கருவி வாங்கிய ரசீது கையிலிருக்கட்டும்.