பழைய ரயில் படத்துக்கு வயது கண்டுபிடிக்க என்ஜினை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ரயிலும் நம்ம இந்திய ஆட்களும் வந்தது ஒரே வருஷம். 1860 ஜூன் 26ஆம் தேதி டர்பன் மார்க்கெட் சதுக்கத்திலிருந்து துறைமுகப் பகுதியான பாயிண்ட் வரைக்கும் முதல் வண்டி ஓடியது, அதே வருஷம் நவம்பரில் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது. அப்புறம் தண்டவாள வேலை, கூட்ஸ் ஷெட், பாரக்ஸ் என்ற தொழிலாளர் வரிசைவீட்டுக் குடியிருப்பு என்று பல தலைமுறை ரயிலை ஒட்டியே வாழ்ந்ததால், நம் வீடுகளில் பின்பக்கம் ஒரு வரிகூட எழுதாத ரயில் படங்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றுக்கு வயது கண்டுபிடிக்க முடியும்.

எல்லோரும் முதலில் என்ஜினைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். என்ஜின் முப்பது நாற்பது வருஷம் ஓடும், ஊர் ஊராக மாற்றுவார்கள், அதனால் அது எந்த வருஷத்துக்கு மேல் என்று சொல்லுமே தவிர அதற்கு மேல் பெரிதாக உதவாது. கட்டடம் அப்படியில்லை. ஒரே இடத்தில் நிற்கும், எப்போது கட்டினார்கள், எப்போது மாற்றினார்கள், எப்போது இடித்தார்கள் என்பதற்குப் பதிவு இருக்கும், பல சமயம் அடிக்கல்லிலேயே வருஷம் இருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: படத்தில் இருப்பவற்றில் கடைசியாக வந்தது எது என்று பாருங்கள், படம் அதற்குப் பிறகுதான் எடுத்திருக்க வேண்டும். இருந்திருக்க வேண்டியவற்றில் இல்லாதது எது என்று பாருங்கள், படம் அதற்கு முந்தியது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே போக வேண்டும்.

உதாரணத்துக்கு டர்பன் பழைய ஸ்டேஷன் பக்கம் எடுத்த படம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். பின்னால் மணிக்கூண்டு வைத்த பெரிய கட்டடம் தெரிகிறது. அது இன்றைய பெரிய தபால் நிலையம். முதலில் 1885இல் டவுன் ஹாலாகக் கட்டியது. ஆகவே படம் 1885க்குப் பிறகு. பக்கத்தில் இன்றைய சிட்டி ஹாலின் பெரிய குவிமாடம் இல்லை. அது திறந்தது 1910இல். சரி, இருபத்தைந்து வருஷ இடைவெளி வந்துவிட்டது. இப்போது பூதக்கண்ணாடியை எடுத்துத் தெருவுக்கு மேலே பாருங்கள். டிராம் கம்பி ஓடுகிறதா? டர்பனில் குதிரை டிராம் 1880இல் வந்தாலும் மின்சார டிராம் 1902இல்தான் வந்தது. கம்பி இருந்தால் படம் 1902க்கும் 1910க்கும் இடையில் என்று தைரியமாகச் சொல்லலாம். குவிமாடத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தால் இன்னும் நல்லது, சிட்டி ஹால் திறப்பதற்குச் சற்று முன் எடுத்தது.

ஆனால் 'இல்லை' என்பதில் அவசரப்படாதீர்கள். குவிமாடம் கட்டப்படாமலும் இருக்கலாம், படத்தின் ஓரத்துக்கு வெளியே போயிருக்கலாம், முன்னால் நிற்கும் கூரை மறைத்திருக்கலாம். படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்று முதலில் கண்டுபிடியுங்கள்: அருகில் உள்ள கட்டடத்தின் மூலை தூரத்துக் கட்டடத்தின் எந்த ஜன்னலோடு நேராக வருகிறது என்று பார்த்து, வரைபடத்தில் அந்த இரண்டு புள்ளி வழியாகவும் ஒரு கோடு போட்டுக் கேமரா இருந்த பக்கமாக நீட்டுங்கள். இன்னொரு ஜோடிக்கும் அதேபோல் போடுங்கள். இரண்டும் வெட்டும் இடம்தான் கேமரா நின்ற இடம். அங்கிருந்து பார்த்தால் குவிமாடம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால்தான் 'இல்லை' என்பது சாட்சியாகும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் படம் என்றால் அங்குள்ள செங்கல் சிட்டி ஹாலைத் தேடுங்கள். 1893இல் கட்டியது 1898இல் எரிந்துபோய், 1901இல் மறுபடி எழுந்தது.

ஸ்டேஷன் சுவரில் உள்ள எழுத்துகளையும் விடாதீர்கள். என்.ஜி.ஆர். என்றால் நேட்டால் அரசு ரயில்வே, அது 1910இல் தென்னாப்பிரிக்க ரயில்வேயோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு ஆங்கிலத்தோடு டச்சும், பின்னாளில் டச்சுக்குப் பதில் ஆப்பிரிக்கான்ஸும் என்று இரண்டு மொழியில் எழுதினார்கள். 'தென்' என்ற சொல்லை டச்சு எழுத்துக்கூட்டலில் இசட் (Zuid) வைத்து எழுதியிருந்தால் முந்தியது; ஆப்பிரிக்கான்ஸ் 1925இல் ஆட்சிமொழி நிலையைப் பெற்றது, தென்னாப்பிரிக்க ரயில்வேயை எஸ்.ஏ.எஸ். என்று ஆப்பிரிக்கான்ஸில் சுருக்கி எழுதுவது பிந்தியது. புதுப் பலகை உறுதியான சாட்சி. பழைய பலகையை மட்டும் அதிகம் நம்பக் கூடாது, கழற்ற ஆள் வராமல் வருஷக்கணக்கில் தொங்கும். நிறம் பிரித்துப் போட்ட நுழைவாயில் பலகைகளும் அப்படியே. பொது இடங்களை இன வாரியாகப் பிரித்த 1953 சட்டம் வந்த பிறகு அவை எங்கும் பெருகின, ஆனாலும் அதற்கு முன்பே ரயிலில் பிரிவினை இருந்தது, ஆகவே அந்தப் பலகையை மட்டும் பார்த்து 1953க்குப் பிறகு என்று முடிவு கட்ட வேண்டாம்.

கடைச் சுவர் விளம்பரத்தில் விலை இருக்கிறதா? ஷில்லிங்கும் பென்னியும் என்றால் பெரும்பாலும் 1961 பிப்ரவரிக்கு முந்தியது, அப்போதுதான் ராண்ட் நாணயம் வந்தது. பிற்காலப் படங்களுக்கு வீட்டுக் கூரைதான் எனக்குப் பிடித்த சாட்சி. தொலைக்காட்சி நம் நாட்டுக்கு முறையாக வந்தது 1976 ஜனவரியில். டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த் வீடுகளின் கூரை முழுக்க ஆன்டெனா நின்றால் படம் எழுபதுகளின் நடுவுக்கு முன்னால் போகவே போகாது.

ஒரு கட்டடத்தின் வயதைக் கதவை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். டர்பனின் உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் கட்டிய கோயில் 1905 வெள்ளத்தில் போனது, 1947இல் எழுந்த செகண்ட் ரிவர் அம்பலவாணர் ஆலயத்தில் பழைய கோயிலின் கதவுகளையே வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷன்களிலும் தூணும் தகரமும் இப்படி இடம் மாறும். கூரை, மாடி, வராந்தா எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

இடித்த கட்டடங்கள் நமக்கு இன்னும் முக்கியம். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸ் அறுபதுகளில் காலியாக்கி இடிக்கப்பட்டது, அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். உங்கள் படத்தின் ஓரத்தில் அந்த வரிசை வீடுகள் மங்கலாகத் தெரிந்தாலும் அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வேறு எங்கும் அந்தக் கோணம் கிடைக்காமல் போகலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க டர்பனில் 1866இல் கட்டிய பழைய நீதிமன்றத்திலுள்ள உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம், கில்லி கேம்பெல் நூலகம், வெஸ்ட்வில்லில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கின்றன. கடைப் பெயர் தெரிந்தால் கடை, முகவரிகளைப் பட்டியலிட்ட அந்தக் கால நேட்டால் டைரக்டரிகளை வருஷ வாரியாகப் புரட்டுங்கள். எந்த வருஷம் அந்தத் தெருவில் அந்தப் பெயர் தோன்றி எந்த வருஷம் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் ஒரு வருஷத்தை மட்டும் எழுதாமல் '1902–1910, டிராம் கம்பி உண்டு, குவிமாடம் இல்லை' என்று காரணத்தோடு எழுதுங்கள். நாளைக்கு உங்கள் பேத்தி கையில் வேறொரு சாட்சி கிடைத்தால் அந்த இடைவெளியை அவள் இன்னும் குறைத்துக்கொள்வாள்.