இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை வீட்டிலேயே மாற்றலாம், அவசரப்படாமல்

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வைக்காதீர்கள், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்திலேயே பீய்ச்சி அடிக்கும். ராத்திரி முழுக்க வண்டியை ஆறவிட்டுக் காலையில் ஆரம்பியுங்கள்.

ரேடியேட்டரின் அடியில் வடிகால் திருகு இருக்கும். கீழே அகலமான பேசின் வைத்து அதைத் திறந்து, அப்புறம் மேல் மூடியைக் கழற்றினால் மடமடவென்று கொட்டும். வருவது துரு நிறத்தில், மண்டியோடு இருந்தால் ஒரு தடவை அலசினால் போதாது. திருகை மூடி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (சூடானதும் திறக்கும் வால்வு) திறந்து ரேடியேட்டர் முழுக்கச் சூடாகும் வரை இன்ஜினை ஓடவிட்டு, நன்றாக ஆறியதும் வடித்துவிடுங்கள். தெளிந்த நீர் வரும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு உள்ளே படியும்.

புதிய கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள், வண்டியின் கையேட்டில் சொன்ன வகைதான் சரி. அலசிய நீர் கொஞ்சம் இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும், அதனால் கலவை 50:50 வர வேண்டுமென்றால் மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு, தண்ணீர் கலக்காத அடர் கூலன்ட்டை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓடவிட்டால் குளுக் குளுக்கென்று குமிழ்கள் வரும்; அவை நின்றதும் மட்டம் பார்த்து மூடுங்கள். இன்ஜின் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம்.

பழைய கூலன்ட்டைத் தரையில் கொட்டாதீர்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே உயிர் போய்விடும். கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் இதையும் எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.