நெய்தல் மணலில் பூப்பதில்லை

கடற்கரையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பலரும் முதல் வரியிலேயே சூரியனைக் கடலில் இறக்கிவிடுகிறார்கள். மெரினாவில் அது நடக்காது. அங்கே சூரியன் கடலில் எழுந்து ஊருக்குப் பின்னால் மறையும். கடலில் இறங்கும் சூரியன் வேண்டுமென்றால் மேற்குக் கரைக்குப் போங்கள். சங்கப் பாட்டில் அந்தக் கரையும் இருக்கிறது. ஐங்குறுநூற்றில் கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தலை அம்மூவனார் பாடிய நூறு பாட்டில், சேரர் துறைமுகமான தொண்டிக்கென்றே பத்துப் பாட்டு கொண்ட ஒரு ‘பத்து’ உண்டு. நெய்தல் என்றால் சோழ மண்டலக் கரை மட்டுமே என்று எழுதினால் அந்தப் பத்து அம்போவென்று நிற்கும்.

நெய்தல் பூவை மணலில் பூக்க வைப்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. அது கழியில், தேங்கிய நீரில் பூப்பது. மணலில் நிற்பவை புன்னையும் தாழையும்.

நெய்தலின் உரிப்பொருள், அதாவது அந்தத் திணைக்குரிய உணர்வு, இரங்கல் (பிரிவில் வருந்துவது) என்று பள்ளியில் படித்ததை வைத்துக்கொண்டு நெய்தல் பாட்டெல்லாம் ஒப்பாரி என்று முடிவு கட்டுவதுதான் எனக்கு ஆகவே ஆகாது. நற்றிணை 172-ஐப் பாருங்கள். விளையாட்டாக வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைவிடுகிறது. சிறுமிகள் அதற்கு நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். ‘உங்களைவிட இது உசத்தி, உங்கள் தங்கை’ என்கிறாள் அம்மா. பிறகு காதலன் வந்து நிற்கும்போது, தங்கையின் நிழலில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று தோழி நழுவுகிறாள். இதில் எங்கே ஒப்பாரி?

நெய்தல் நிலத்து மீனவரான பரதவரை வெறும் பின்னணிப் படமாக ஒதுக்குவது இன்னொன்று. பட்டினப்பாலையில் அவர்கள் முழுநிலா நாளில் மீன்பிடிக்கப் போவதில்லை. சுறாக் கொம்பை நட்டுத் தெய்வத்தை வழிபட்டு, உண்டு ஆடுகிறார்கள்.

கடைசியாகக் கண்ணகி. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலை வந்தது. 2001-இல் அகற்றினார்கள், 2006-இல் திரும்ப வைத்தார்கள். தமிழர் அடையாளம் பற்றி எழுதுபவர்கள் இதைத் தவறாமல் சொல்கிறார்கள், நல்லது. ஆனால் சிலம்பிலும் கடற்கரை கண்ணகியுடையது என்ற தொனி வந்துவிடுகிறது. அதில் கடற்கரையில் பாடப்படும் கானல்வரியைப் பாடியவர்கள் கோவலனும் மாதவியும். பிணங்கிப் பிரிந்ததும் அங்கேதான். காவிரி கடலோடு கலக்குமிடத்தில், நெய்தலங் கானலில் உள்ள சோமகுண்டம், சூரியகுண்டத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு இன்புறலாம், வா என்று தோழி தேவந்தி அழைத்தபோது கண்ணகி சொன்ன பதில்: ‘பீடன்று’, அது பெருமையல்ல.