ஜாமரினிலிருந்து ஃபிளட்டருக்கு: ஓர் எடைச்சீட்டுச் செயலியை மாற்றும் முறை

கைபேசிச் செயலிகளை சி ஷார்ப் மொழியில் எழுத உதவிய ஜாமரின் என்ற தன் கருவித்தொகுப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 மே 1 அன்று நிறுத்திக்கொண்டது. ஜாமரினின் கடைசிப் பதிப்பு ஆண்ட்ராய்டு 14 வரை, அதாவது ஆண்ட்ராய்டு பதிப்புகளைக் குறிக்கும் ஏபிஐ நிலை என்ற எண்ணில் 34 வரைதான் செல்லும். கூகுள் பிளேயோ 2025 ஆகஸ்ட் 31 முதல் புதுப்பிப்புகளுக்கு நிலை 35-ஐக் கேட்கிறது. எனவே பழைய செயலி கைபேசிகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அதிலுள்ள ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தி வெளியிட முடியாது. காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கத் தோப்புகளிலிருந்து கிருஷ்ணகிரி மண்டிக்கும் கூழ் ஆலைகளுக்கும் வரும் மாங்காய் லோடுகளுக்குச் சீட்டுப் போடும் செயலி ஒன்றை வைத்திருந்த எங்களுக்கும் இதே நிலைதான். அதை கூகுளின் செயலிக் கருவித்தொகுப்பான ஃபிளட்டருக்கு மாற்றியபோது கடைப்பிடித்த முறையை இங்கே தருகிறேன்.

ஃபிளட்டரேதான் வேண்டும் என்பதில்லை. கணக்குப் பகுதியெல்லாம் சி ஷார்ப்பில் பெரிதாக வளர்ந்திருந்தால், ஜாமரினின் வாரிசாக 2022-இல் வந்த டாட்நெட் மௌயிக்குப் போவதே செலவு குறைந்த வழி. எங்கள் செயலியில் திரைகள் அதிகம், கணக்கு குறைவு; புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் ஃபிளட்டரின் மொழியான டார்ட் தெரிந்திருந்தது. அதனால் ஃபிளட்டரைத் தேர்ந்தோம்.

முதல் வேலை, கையொப்பச் சாவியை, அதாவது செயலி நம்முடையதுதான் என்று முத்திரையிடும் கோப்பை, தேடி எடுப்பது. புதிய செயலியை கூகுள் பிளே பழையதன் புதுப்பிப்பாக ஏற்க வேண்டுமானால் பேக்கேஜ் பெயர் (செயலியின் தனி அடையாளப் பெயர்) எழுத்து மாறாமல் இருக்க வேண்டும், கையொப்பம் அதே சாவியால் ஆனதாக இருக்க வேண்டும், பதிப்பு எண் முந்தையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஃபிளட்டரில் இந்த எண்ணை பப்ஸ்பெக் என்ற அமைப்புக் கோப்பின் பதிப்பு வரியில் கூட்டல் குறிக்குப் பின்னால் எழுதுகிறோம். விண்டோஸ் கணினியில் விஷுவல் ஸ்டூடியோ அந்தச் சாவிக்கோப்பைப் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் ஆழமாக ஓரிடத்தில் வைத்திருக்கும். கணினியை ஃபார்மட் செய்தவர்கள் அதையும் சேர்த்தே அழித்திருப்பார்கள். இறுதிக் கையொப்பச் சாவியை கூகுளே வைத்துக்கொள்ளும் பிளே ஆப் சைனிங்கில் சேர்ந்திருந்தால், நம்மிடம் இருக்கும் பதிவேற்றச் சாவியை மாற்றித் தரும்படி கூகுளிடம் விண்ணப்பிக்கலாம். சேராதிருந்து சாவியும் தொலைந்திருந்தால், புதிய பெயரில் புதிய செயலியாகத்தான் வெளியிட முடியும். அப்போது கீழே சொல்லும் தரவு மாற்றம் எதுவும் நடக்காது, ஏனெனில் ஒரு செயலியின் உள்கோப்புறையை இன்னொன்று தொட ஆண்ட்ராய்டு விடாது.

உண்மையான வேலை திரைகளை மறுபடி எழுதுவதில் இல்லை, பயனரின் கைபேசியில் ஏற்கெனவே கிடக்கும் தரவைக் கொண்டுவந்து சேர்ப்பதில் இருக்கிறது. சிக்னல் எட்டாத தோப்பில் போட்ட சீட்டு, சர்வருக்குப் போகாமல் கைபேசியிலேயே காத்திருக்கும். ஜாமரினில் எஸ்கியூலைட் கோப்பை, அதாவது கைபேசிக்குள் இருக்கும் தரவுத்தளத்தை, பெரும்பாலும் லோக்கல் அப்ளிகேஷன் டேட்டா என்ற இடத்தில் வைத்திருப்போம்; ஆண்ட்ராய்டில் அது ஃபைல்ஸ் கோப்புறைக்குள் லோக்கல், அதற்குள் ஷேர் என்று அமையும். அந்த லோக்கல் என்ற பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. ஃபிளட்டரில் அதே தரவுத்தளத்தைக் கையாளும் எஸ்கியூஎஃப்லைட் பிளக்கினோ டேட்டாபேசஸ் என்ற வேறு கோப்புறையில் தேடும்; அங்கே ஒன்றும் இல்லையென்றால் பிழை எதுவும் சொல்லாமல் வெறும் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிவிடும். கோப்புறைகளின் இடத்தைச் சொல்லும் பாத் புரொவைடர் என்ற பிளக்கின் தரும் அப்ளிகேஷன் சப்போர்ட் கோப்புறைதான் அந்தப் பழைய ஃபைல்ஸ். அங்கிருந்து இறங்கிப் போய்க் கோப்பைப் புதிய இடத்துக்குப் படியெடுக்க வேண்டும். நகர்த்த வேண்டாம், மூலத்தை ஒரு பருவம் முடியும்வரை விட்டுவையுங்கள்.

படியெடுக்கும்போது பெயரின் முடிவில் வால் (wal), எஸ்ஹெச்எம் (shm) என்று வரும் துணைக்கோப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சோதனையில் நான் முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்தேன். கடைசியாகப் போட்ட சில சீட்டுகளைக் காணவில்லை. அவை இன்னும் அந்த வால் கோப்பிலேயே இருந்தன. இருப்பவை எல்லாவற்றையும், தரவுத்தளத்தைத் திறக்கும் முன்பே, ஒன்றாக எடுக்க வேண்டும்.

அடுத்தது நேரம். சி ஷார்ப்புக்கான எஸ்கியூலைட் நெட் நூலகம் தேதியை இயல்பாக டிக்ஸ் கணக்கில் சேமிக்கிறது: கி.பி. 1 ஜனவரி 1 முதல் எண்ணிய, ஒரு நொடிக்கு ஒரு கோடி என்ற கணக்கிலான முழு எண். டார்ட் 1970-இலிருந்து மைக்ரோ நொடியில் எண்ணுகிறது. எனவே பழைய எண்ணிலிருந்து 621355968000000000-ஐக் கழித்து 10-ஆல் வகுத்தால் டார்ட்டுக்கான எண் கிடைக்கும். இத்தோடு நின்றால் சிக்கல்தான். பழைய செயலி இந்திய நேரத்தையே எழுதியிருந்தால், டார்ட் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு மேலும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். மாலை 7 மணிக்கு எடை போட்ட பெங்களூரா ரக மாங்காய் லோடு, நள்ளிரவு தாண்டி மறுநாள் 12.30 மணிச் சீட்டாக மாறும். மண்டியில் விலை நாளுக்கு நாள் மாறுவதால் அந்த லோடுக்கு மறுநாள் விலை விழும். இதைத் தவிர்க்க, அந்த எண்ணைப் பொது நேரமாகவே படித்து, கிடைக்கும் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடத்தை அப்படியே உள்ளூர் நேரமாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 3,425 கிலோ, டன் 18,500 ரூபாய் என்றால் தொகை 63,362 ரூபாய் 50 காசு. சி ஷார்ப்பின் ரவுண்ட், சரிபாதி வந்தால் இயல்பாக இரட்டை எண்ணை நோக்கிப் போவதால் 63,362 தரும். டார்ட்டின் ரவுண்ட் 63,363 தரும். ஒரு ரூபாய்தானே என்று நமக்குத் தோன்றலாம், ஆனால் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் விவசாயிக்கு அப்படித் தோன்றாது. டார்ட்டில் தசமத்துக்கெனத் தனி வகையும் இல்லை. ஆகவே தொகையைக் காசாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வைத்து, முழுமையாக்கும் விதியை நீங்களே எழுதுங்கள். பழைய சீட்டுகளின் தொகையைத் திரும்பக் கணக்கிடாமல், இருந்தபடியே கொண்டுவாருங்கள்.

திரைகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஜாமரினின் திரை அமைப்பைச் சொல்லும் ஸாமல் கோப்புகளைத் தானாக மாற்றித் தரும் கருவிகளைத் தேடி நேரம் கழிப்பதைவிட, ஒவ்வொரு திரையையும் படமெடுத்து வைத்துக்கொண்டு ஃபிளட்டரின் திரைக்கூறுகளான விட்ஜெட்டுகளாகப் புதிதாக எழுதுவது விரைவில் முடியும். கைபேசியின் சொந்த வசதிகளை அழைக்க ஜாமரினில் டிபென்டன்சி சர்வீஸ் வழியாக எழுதிய பகுதிகளுக்கு, பிளக்கின் கிடைக்காவிட்டால், டார்ட்டையும் ஆண்ட்ராய்டு நிரலையும் இணைக்கும் மெத்தட் சேனல் எழுத வேண்டியிருக்கும். எங்களுக்கு அது புளூடூத் பிரிண்டருக்குத் தேவைப்பட்டது. 58 மில்லிமீட்டர் தாள் பிரிண்டர்களில் பொதுவாகத் தமிழ் எழுத்துரு இருப்பதில்லை என்பதால், சீட்டை 384 புள்ளி அகலத்தில் படமாக வரைந்து அனுப்புவதே நம்பகமான வழி. ஃபிளட்டர் தன் திரையைத் தானே வரைவதால் இது ஜாமரினில் இருந்ததைவிட எளிதாகவே அமைந்தது.

சோதனைக்கு, பழைய செயலியை பிளேயிலிருந்து இறக்கி, உண்மையான சீட்டுகள் போட்டு, அதன்மேல் புதியதை இன்டர்னல் டெஸ்டிங் தடத்தின் வழியாக நிறுவுங்கள். பிளே ஆப் சைனிங் இருந்தால் உங்கள் கணினியில் உருவாக்கிய கோப்பின் கையொப்பம் பொதுவாக வேறாக இருக்கும், ஆகவே கைபேசி அதை மேலே நிறுவ மறுத்துவிடும்.

வெளியீட்டை ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வரத்து உச்சத்தில் இருக்கும்போது எடை மேடையில் வரிசையாக வண்டிகள் நிற்கையில் யாரும் நம் புதிய திரையைக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. முதலில் ஐந்து சதவீதப் பயனர்களுக்கு மட்டும் விடுங்கள். கோளாறு தெரிந்தால் வெளியீட்டை நிறுத்தலாமே தவிர, ஏற்கெனவே ஏறிய கைபேசிகளைப் பழைய பதிப்புக்குத் திருப்ப முடியாது. திருத்தத்தை இன்னும் பெரிய எண்ணோடுதான் அனுப்ப வேண்டும். தரவை இறக்கும் நிரல்பகுதியையும் அவசரப்பட்டு நீக்காதீர்கள். பருவம் முடிந்ததும் அலமாரியில் போட்ட கைபேசியை அடுத்த சித்திரையில் எடுத்து, அப்போதுதான் புதுப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். பிளே கன்சோலில் பழைய பதிப்பு வைத்திருப்போர் எண்ணிக்கை பூஜ்ஜியமாகும்வரை அது இருக்கட்டும்.