நெடுந்தூர நடைபாதை: பராமரிக்கும் அமைப்புகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் அப்பலேச்சியன் டிரெயில் ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரம் வரை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கி.மீ. போகிறது. அதன் கதையைத் தெரிந்துகொண்டால் புதிதாகப் பாதை அமைக்க நினைப்பவர்கள் பல தவறுகளைத் தவிர்க்கலாம்.

முதல் தவறு, திறப்பு விழாவோடு வேலை முடிந்ததென்று நினைப்பது. 1937இல் முழுப் பாதையும் இணைந்தது. மறு வருடமே வந்த சூறாவளி வடக்கே பல இடங்களில் அதை மூடிவிட்டது. தெற்கே புதிய மலைச்சாலை பாதையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மறுபடி முழுசாக இணைய 1951 ஆயிற்று. இன்று சுமார் 30 உள்ளூர் கிளப்புகள் பாதையைப் பிரித்துப் பராமரிக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் இன்னார் பொறுப்பு என்று பெயர் எழுதி வைத்தால்தான் நடைதடத்தைச் சுற்றி 4 அடி அகலமும் 8 அடி உயரமும் புதரின்றி இருக்கும்.

வாய்மொழி அனுமதியை நம்புவது அடுத்தது. நில உரிமையாளர் மாறினால் பாதை தார்ச்சாலைக்குத் தள்ளப்படும். 1968இல் தனிச் சட்டமும் 1978இல் நிலம் வாங்க வழிசெய்த திருத்தமும் வந்த பிறகுதான் இந்தத் தலைவலி தீர்ந்தது.

பாதையை அதிகம் கெடுப்பது தண்ணீர்தான். அதை வடியவைக்கும் வேலைக்குப் பணம் கேட்டால் எந்த நன்கொடையாளரும் உற்சாகம் காட்டுவதில்லை! மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருந்தால், மழைநீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் அதன் வழியே ஓடி மண்ணை அரிக்கும். நீரைத் திருப்பப் போடும் மரக்கட்டையையோ கல்வரிசையையோ நேர்க்குறுக்காகப் போடக் கூடாது. சுமார் 45 பாகை சாய்வாகப் போடவேண்டும். நேராகப் போட்டால் மேல்பக்கம் வண்டல் நிரம்பி, அடுத்த மழையில் தண்ணீர் மேலேறித் தாண்டிவிடும். வெளியேறும் வாய் அகலமாக இருக்கட்டும். இலையுதிர்ந்ததும் அதை வாரிவிட வேண்டும். விட்டால் சேறு தேங்கும், நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள், இரண்டடிப் பாதை பத்தடியாகும்.

வழிகாட்ட மரங்களில் அடிக்கும் பெயிண்ட் அடையாளங்களை வாரி இறைப்பதும் தவறு. இங்கே அளவு 2 அங்குலம் அகலம், 6 அங்குலம் உயரம். வெள்ளை பிரதான பாதைக்கு, நீலம் கிளைப்பாதைக்கு. திருப்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் கண்ணில் படக் கூடாது. பட்டையின் சொரசொரப்பை மட்டும் லேசாகச் சுரண்டிவிட்டு அடிக்கவேண்டும். அப்படியே அடித்தால் உதிரும், ஆழமாகச் சுரண்டினால் மரத்துக்குக் காயம். போகும்போது ஒரு திசைக்கு, திரும்பும்போது மறு திசைக்கு அடிப்பதே சரி. நின்ற இடத்தில் இருபக்கமும் அடித்தால், எதிரே வருபவருக்கு அது மறைந்துபோக வாய்ப்புண்டு.

விளம்பரத்தில் நடக்கும் பிழை வேறு. 'தெற்கிலிருந்து வடக்குக் கோடி வரை' என்றே சொல்லிச் சொல்லி, மார்ச், ஏப்ரலில் ஸ்பிரிங்கரில் கூட்டம் குவிந்தது. தங்குகுடில்களும் கழிப்பறைகளும் திணறின. அதனால் பாதையின் தலைமை அமைப்பே இப்போது புறப்படும் தேதியை இலவசமாகப் பதிவுசெய்யச் சொல்கிறது. எந்த நாளில் எத்தனை பேர் என்று பார்த்துத் தேதியை மாற்றிக்கொள்ளலாம். பாதையின் ஏறக்குறைய நடுவில் உள்ள ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரில் தொடங்கி வடக்கே முடித்து, திரும்பிவந்து தெற்கே நடக்கும் முறையையும் அது பரிந்துரைக்கிறது.