இன்டரப்ட் 'க்ளீன்அப்' பேட்சை ரிவ்யூ செய்வது எப்படி?

லினக்ஸ் டிரைவர்களுக்கு வரும் பேட்ச்களில் "செயல்பாட்டில் மாற்றம் இல்லை" என்று குறிப்பு போட்டவற்றைத்தான் நான் மெதுவாகப் படிப்பேன். புது வசதி என்றால் எல்லோரும் துருவுவார்கள். க்ளீன்அப் (நிரலைச் சீர்படுத்துவது மட்டும்) என்றதும் தலையாட்டிவிடுவார்கள். இங்கே பார்ப்பது இன்டரப்ட்டை, அதாவது சாதனம் கவனம் கேட்டுச் செயலிக்கு அனுப்பும் சிக்னலை, கையாளும் நிரலைத் தொடும் பேட்ச்கள். கெர்னல் கம்பைல் செய்யவும் கிட் கையாளவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1. பேட்சை மெயிலில் படிக்காதீர்கள். பி4 (மெயிலிங் லிஸ்டிலிருந்து பேட்சை எடுக்கும் கருவி) கொண்டு இறக்கி, உங்கள் மூலநிரலில் போட்டுவிட்டு, ஃபைலையே திறந்து வையுங்கள். டிஃப் காட்டாத வரிகளில்தான் நமக்கு வேலை.

படி 2. சாதனத்தின் இன்டரப்ட் எண்ணைத் தரும் பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ, கெர்னல் 5.4 முதல் பிழைச் செய்தியைத் தானே அச்சிடுகிறது. அதன் கீழே உள்ள டெவ்_எர்ர் (பிழை அச்சிடும்) வரியை நீக்கினால் சரிதான். ஆனால் எண்ணை வாங்கும் மாறி அன்சைன்ட் (குறை எண் ஏற்காதது) என்றால், பூஜ்யத்துக்குக் கீழா என்ற சோதனை ஒருபோதும் பலிக்காது. வந்த பிழை எண்ணை அப்படியே திருப்புகிறார்களா என்றும் பாருங்கள். வேறு எண்ணாக மாற்றினால் புரோப் (டிரைவர் சாதனத்தைத் தொடங்கும் ஃபங்ஷன்) ஒத்திவைப்பு, அதாவது தேவையானது தயாரானதும் மீண்டும் முயல்வது, கெட்டுப்போகும்.

படி 3. எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்தது இதுதான். ஹேண்ட்லரை (இன்டரப்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) பதியும் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவை, கெர்னலே பிறகு விடுவிக்கும் டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவாக மாற்றி, டிரைவர் விலகும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் இருந்த ஃப்ரீ_ஐஆர்க்யூவை எடுத்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும்.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. டெவ்எம் வழியாக வாங்கியவை ரிமூவ் முடிந்த பிறகுதான், வாங்கியதற்குத் தலைகீழ் வரிசையில் விடுவிக்கப்படும். ரிமூவ் உள்ளே கிளாக்கை (சாதனத்தை இயக்கும் துடிப்பு சிக்னல்) அணைக்கும் வரி இன்னும் இருந்தால், கிளாக் போன பின்னும் ஹேண்ட்லர் உயிரோடு இருக்கும். இன்டரப்ட் லைன் பகிரப்பட்டது என்றால் பக்கத்துச் சாதனம் கூப்பிட்டாலே போதும், நம் ஹேண்ட்லர் ஓடி, கிளாக் இல்லாத ரிஜிஸ்டரைத் தொடும். பல சிப்களில் அத்தோடு சிஸ்டம் உறைந்துவிடும்.

ஒரு தாளில் புரோப் வாங்கும் வரிசையையும் ரிமூவ் விடும் வரிசையையும் எதிரெதிரே எழுதுங்கள். ஃப்ரீ_ஐஆர்க்யூவுக்குப் பிறகு கையால் விடுவிக்கும் வரி ஒன்றாவது இருந்தால் கேள்வி கேளுங்கள். கிளாக்கையும் டெவ்எம்முக்கு மாற்றச் சொல்லலாம், அல்லது பழைய ஃப்ரீ_ஐஆர்க்யூவை விட்டுவைக்கச் சொல்லலாம். புரோப் பாதியில் தோற்கும் வழிகளுக்கும் இதே கணக்கு.

சோதிக்க, கான்ஃபிக்_டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூவை இயக்கிவிட்டு டிரைவரை அன்பைண்ட் செய்யுங்கள் (சாதனத்திலிருந்து பிரியுங்கள்). பகிரப்பட்ட லைனை விடுவிக்கும்போது கெர்னல் வேண்டுமென்றே ஹேண்ட்லரை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும்.

படி 4. ஹேண்ட்லரைத் திரெட்டுக்கு நகர்த்தினால், முதன்மை ஹேண்ட்லர் NULL ஆக (எதுவும் தராமல்) இருக்கும்போது, திரெட் முடியும்வரை லைனை மூடி வைக்கும் ஒன்ஷாட் கொடி இருக்கிறதா பாருங்கள்; இல்லாவிட்டால் பொதுவாகக் கெர்னல் ஏற்காது. ஸ்பின்லாக்கில் ஐஆர்க்யூசேவ் (பூட்டும்போது இன்டரப்ட்டைத் தடுக்கும் வகை) நீக்கப்பட்டிருந்தால் லாக்டெப் (பூட்டுத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல் வசதி) போட்டு ஓட்டுங்கள்.

கருவி என்றால் என் ஓட்டு, நிரலை ஓட்டாமலே பிழை தேடும் ஸ்மாட்சுக்கு. கெர்னலோடு வரும் செக்பேட்ச் பெரும்பாலும் எழுத்து நடையைத்தான் பார்க்கும். அது வாயை மூடிக்கொண்டதால் பேட்ச் சரி என்று ஆகாது.

பின்சேர்க்கை: ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவுக்கு அடுத்த வரியிலேயே டிசேபிள்_ஐஆர்க்யூ இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்த இரண்டு வரிக்கும் நடுவே இன்டரப்ட் வந்துவிட முடியும். 5.13 முதல் இதற்கென்றே, பதியும்போது இன்டரப்ட்டைத் தானாக இயக்காத ஐஆர்க்யூஎஃப்_நோ_ஆட்டோஎன் கொடி இருக்கிறது. அதற்கு மாற்றும் பேட்ச் க்ளீன்அப் அல்ல, பிழைத்திருத்தம். தலைப்பை மாற்றி ஃபிக்சஸ் டேக் (எந்த கமிட்டின் பிழையைத் திருத்துகிறது என்ற குறிப்பு) சேர்க்கச் சொல்லுங்கள், பழைய ஸ்டேபிள் கெர்னல்களுக்கும் அது போக வேண்டும்.